அல்பத்தில் ஸுகமுண்டோ? – உத்திரமேரூரில் ஓர் ஐப்பசி மழை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஐப்பசி பிறந்ததும் நம் ஸங்கல்பத்தில் ஒரு சொல் மாறுகிறது. அதுவரை வர்ஷ ருது என்று சொல்லி வந்தோம். இனி இரண்டு மாதங்களுக்குச் சரத் ருது. நூல்கள் வருணிக்கும் சரத் காலம், மேகம் விலகி வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்து, குளங்கள் கலக்கம் நீங்கி நிற்கும் காலம். தொண்டை நாட்டிலோ ஸங்கல்பத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கூரையில் மழை கொட்டத் தொடங்கிவிடும். இவ்விரு மாதங்களையும் பழந்தமிழர் கூதிர் என்றார்கள். இந்த நாட்டிற்கு அந்தப் பெயரே பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் இங்கே ஏரி. ஏரி நிறைந்தால்தான் நெல்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசித் திருவோணத்தன்று, பொய்கையாழ்வார் அவதரித்த பொற்றாமரைப் பொய்கையைத் திருவெஃகாவில் ஸேவித்துவிட்டு, பாலாற்றையும் செய்யாற்றையும் கடந்து உத்திரமேரூருக்குச் சென்றோம். எங்கள் கோஷ்டியில் வெளிநாட்டில் வசிக்கும் அன்பர் ஒருவரும் இருந்தார். ஐப்பசி மழையைக் கண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சுந்தரவரதப் பெருமாள் ஸந்நிதியில் முதல் திருவந்தாதியை ஸேவிப்பதாக ஏற்பாடு. ஆனால் நாங்கள் சென்று சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம்.

ஓட்டுச் சரிவிலிருந்து நீர் திரையாக விழுந்தது. பள்ளி விட்ட பிள்ளைகள் உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேண்டுமென்றே தேங்கிய நீரில் கால்வைத்து நடந்தார்கள். தெருக்கோடியில் தெரிந்த வயலில் சம்பா நாற்று வேர்பிடித்துப் பச்சை கட்டியிருந்தது. எங்கிருந்தோ தவளைகள் தொடங்கின. ஒன்று எடுத்துக்கொடுக்க, மற்றவை சேர்ந்துகொண்டன. சதுர்வேதிமங்கலமாக இருந்த ஊரில் இன்று அத்யயனம் இவற்றினுடையதுதான் போலும் என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம். ஸ்ரீபாகவதமும் மழைக்காலத் தவளைகளை வேதம் ஓதும் மாணவர்களுக்கே ஒப்பிடுகிறது. காலையில் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணிக் கட்டிவந்த ததியோன்னத்தை வாழையிலையில் பகிர்ந்துகொண்டோம். திண்ணைக்கு உடையவரான மூதாட்டி கதவைத் திறந்து பார்த்து, மழையைப் பற்றி நாங்கள் அலுத்துக்கொண்டது காதில் விழுந்ததனாலோ என்னவோ, “ஏரிக்குத் தண்ணி வருதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போதுதான் அந்த அன்பர் நம்மிடம் மெல்லக் கேட்டார்: “ஸ்வாமி, தப்பாக நினைக்கக் கூடாது. காலையில் ஸந்நிதியில் நின்றபோதுகூட இப்படி மனம் நிறையவில்லை. இந்த மழையும் மண்வாசனையும் தயிர்ச்சாதமும் நிறைக்கின்றன. இது அபசாரம் ஆகுமோ?”

நாம் யோசிக்காமல் பதில் சொன்னோம். சாந்தோக்ய உபநிஷத்தில் ஸநத்குமாரர் நாரதருக்கு உபதேசித்ததை எடுத்துக்காட்டி, அல்பமான பொருளில் ஸுகம் என்பதே கிடையாது, பூமா எனப்படும் எல்லையற்ற பரப்ரஹ்மமே ஸுகம், ஆகவே மழையிலும் தயிர்ச்சாதத்திலும் மனத்தை விடலாகாது என்றோம். அவர் தலையசைத்துக்கொண்டார். மறுபடி மழையைப் பார்க்கவில்லை. இலையில் மீதமிருந்ததைச் சத்தமின்றி உண்டு முடித்தார்.

சொன்னது தவறான வாக்கியம் அன்று. ஆனால் பாதி வாக்கியம். அதை உணர நமக்குச் சில மாதங்கள் பிடித்தன.

அந்த உபநிஷத் பகுதியையே எடுத்துக்கொண்டு எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அத்யாயம் மூன்றாம் பாதத்தில், பூமாதிகரணத்தில், விசாரம் செய்தருளுகிறார். பூமாவை அநுபவிக்கிறவன் வேறொன்றைக் காண்பதில்லை என்று உபநிஷத் சொல்கிறதே. உலகம் கண்முன் இருக்கும்போது அது எப்படி என்ற கேள்வி எழுகிறது. ஸ்வாமியின் விடை இதுதான்: ப்ரஹ்மத்தை அதன் விபூதிகளோடும் குணங்களோடும் சேர்த்து அநுபவிக்கிறவனுக்கு, அதற்குப் புறம்பாக நிற்கும் பொருளே இல்லை. கர்மவசப்பட்டவனுக்குத் துக்கமாகவும் அளவுபட்ட சிறுசுகமாகவும் தோன்றும் இதே உலகம், கர்மம் நீங்கியவனுக்கு ப்ரஹ்மத்தின் விபூதியாகவே தோன்றி முழுவதும் ஸுகமாகிவிடுகிறது.

இதற்கு இரண்டு த்ருஷ்டாந்தங்கள் அருளிச்செய்கிறார். ஒன்று பால். பித்தம் மிகுந்தவனுக்குப் பால் குடித்தால் பித்தத்தின் அளவிற்கேற்பக் கொஞ்சம் இனிக்கும், அல்லது கசக்கும். பித்தம் தெளிந்தவனுக்கு அதே பால் தித்திக்கிறது. பாலில் மாறுதல் ஒன்றும் இல்லை. மற்றொன்று ராஜகுமாரன். தகப்பனான அரசனின் விளையாட்டுக் கருவிகள் அவன் கண்ணெதிரே கிடக்கின்றன. அவை இன்னவை என்று அறியாதவரை அவற்றில் அவனுக்குப் ப்ரியமில்லை. ‘இவை என் தகப்பனார் விளையாடுகிறவை’ என்று நினைத்த மாத்திரத்தில் அவற்றைப் போல் அவனுக்குப் ப்ரியமானவை வேறில்லை.

இந்த இரண்டாவது த்ருஷ்டாந்தத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். உலகத்தை லீலாவிபூதி என்கிறோம். அந்தப் பெயரில் இருக்கும் லீலை, விளையாட்டு, யாருடையது? மழை அவனுடையது, தவளை அவனுடையது, வேர்பிடித்த நாற்று அவனுடையது. உடையவனை மறந்து அவற்றை நம்முடையவையாகத் தொடும்போதுதான் அவை அல்பமாகின்றன. திண்ணையில் நாம் சொல்லியிருக்கவேண்டியது இதுவே. அந்த அன்பரின் மகிழ்ச்சியைப் பிடுங்கியதற்குப் பதிலாக, அது யாருடைய மழை என்று நினைப்பூட்டியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

ஆழ்வார்கள் இதைப் பிரமாணம் காட்டி நிறுவவில்லை, வாழ்ந்து காட்டினார்கள். நம்மாழ்வார் பெரிய திருவந்தாதியில், பூவை, காயா, நீலம் முதலான பூக்கள் கண்ணில் படும்போதெல்லாம் அவை பிரானுடைய திருமேனியே என்று தம் உயிரும் உடலும் பூரிப்பதாக அருளிச்செய்கிறார். வேலியோரத்துப் பூ அது. யாரும் நின்று பார்ப்பதில்லை. திருவாய்மொழியில் தாய்ப்பாசுரமாக வரும் நான்காம் பத்தின் நான்காம் திருமொழியில், பராங்குச நாயகி மண்ணைத் தொட்டாலும் கடலைக் கண்டாலும் கன்றைத் தழுவினாலும் எல்லாம் அவன் சம்பந்தமாகவே முடிகிறது. ஊரார் அதைப் பித்து என்றார்கள். பூமாதிகரணத்தின் பித்தம் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இந்தப் பருவத்தின் அழகு எல்லோருக்கும் எப்போதும் இனிப்பதில்லை. சக்கரவர்த்தித் திருமகன் கிஷ்கிந்தையில் மழைக்காலம் முழுவதும் மலைக்குகையில் காத்திருந்தபோது, மேகமும் மின்னலும் பிராட்டியின் பிரிவையே கிளறின. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மழைமேகங்களைத் தூது விடுகிறாள். அடுத்த திருமொழியில் திருமாலிருஞ்சோலையெங்கும் சிந்தூரப்பொடி தூவினாற்போல் இந்திரகோபப் பூச்சிகள் பரந்திருப்பதைக் கண்டு, சுந்தரத்தோளுடையானிடம் அகப்பட்டுக்கொண்டோமே, தப்புவது எங்ஙனே என்று கலங்குகிறாள். அதற்கும் அடுத்ததில் கோடல் பூக்களைப் பார்த்து, உங்களை என்மேல் ஏவியவன் எங்கே என்று மன்றாடுகிறாள். முதல்மழைக்குப் பின் உத்திரமேரூர் வரப்புகளிலும் அந்தச் சிவந்த பட்டுப்பூச்சி ஊர்வதைக் காணலாம். குழந்தைகள் தீப்பெட்டியில் பிடித்துவைக்கும் அதே பூச்சிதான். நமக்கு வேடிக்கை, ஆண்டாளுக்கு வேதனை. உடையவனோடு அந்தப் பூச்சிக்கு இருக்கும் சம்பந்தத்தை அவள் அவ்வளவு கூர்மையாகக் கண்டாள். ஆகையால் அவன் அருகில் இல்லாதது அதைக் காணக்காண உறைத்தது. வெறும் அல்பமாக இருந்தால் அது அவளை வருத்தியிராது.

அதே மழையைக் கண்ணன் எப்படிக் கழித்தான் என்று பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம், இருபதாம் அத்யாயம் சொல்கிறது. மழை பெய்யும்போது ஒரு மரப்பொந்திலோ குகையிலோ புகுந்துகொண்டு, கிழங்கும் பழமும் தின்று களித்திருந்தானாம். நீரருகே ஒரு பாறையில் பலராமனோடும் ஆயர் பிள்ளைகளோடும் அமர்ந்து, வீட்டிலிருந்து வந்த தயிர்ச்சோற்றை உண்டானாம். உபநிஷத்துக்கள் பூமா என்று சொல்லித் தேடும் வஸ்து, மழைக்கு ஒதுங்கித் தயிர்ச்சோறு உண்கிறது! இதைப் படித்தபோது அந்தத் திண்ணை நினைவுக்கு வந்தது. நாம் அன்று தயிர்ச்சாதத்தைப் பழித்துப் பேசிய நேரத்தில், இலையை விரித்து நம்மோடு உட்கார்ந்திருந்தவனையும் சேர்த்தே பழித்திருக்கிறோம்.

அன்று மாலை நடந்ததையும் சொல்லவேண்டும். நடை திறந்தது, மழை ஓயவில்லை. பல்லவர் காலத்துக் கோயில் அது. 108 திவ்யதேசங்களில் எண்ணப்படாவிடினும் ஸேவித்தவர் மறக்கமாட்டார். கீழ்த்தளத்தில் சுந்தரவரதராக நின்ற திருக்கோலம். படியேறினால் வைகுந்தவரதராக இருந்த திருக்கோலம். அதற்கும் மேலே அநந்தன்மேல் கிடந்த திருக்கோலம். மேல்தளத்தில் நெருங்கி நின்றுகொண்டுதான் முதல் திருவந்தாதியைத் தொடங்கினோம். வெளியே கருங்கல்லில் மழை அடிக்கும் ஓசை.

திருக்கோவலூர் இடைகழியிலும் இப்படித்தான் ஒரு மழையிரவு. ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே அந்த இடம். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். நான்காவதாக ஒருவன் வந்து நெருக்கினான். வாமனனாய் வந்து உலகளந்தவனுக்குச் சிறிய இடம் என்றால் அவ்வளவு விருப்பம். அவனைக் காணப் பொய்கையார் ஏற்றிய விளக்கில் அகல் பூமி, நெய் கடல், சுடர் கதிரவன். உலகத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவர் அவனைத் தேடவில்லை. உலகத்தையே விளக்காக்கிக் கண்டார். கிடத்தல், இருத்தல், நிற்றல் என்று ஆழ்வார்களை நெருக்கியவன், உத்திரமேரூரில் அந்த மூன்றையும் தானே தளத்திற்கு ஒன்றாக ஏற்றுக்கொண்டு எழுந்தருளியிருக்கிறான் என்று சொல்ல ஆசை. ஸ்தலபுராணத்தில் அப்படி இல்லை. நம் ஆசை மட்டுமே.

இந்த ஊரார் ஏரியை வெறும் நீர்நிலையாக நினைத்தவர்கள் அல்லர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரிவாரியமும் ஒன்று. வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியைப் பேணவேண்டியிருந்த ஊர் இது. அந்த விதிகளைப் பொறிக்க அவர்களுக்குப் பெருமாள் கோயில் சுவரே கிடைத்தது. கிழக்கே மதுராந்தகத்தில் பெருமாளுக்கே ஏரிகாத்த ராமர் என்று திருநாமம்; நம் ராமாநுஜருக்குப் பெரியநம்பிகள் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளியதும் அந்த ஸந்நிதியின் மகிழமரத்தடியில்தான். லீலாவிபூதியை உதறாமல் உடையவனோடு சேர்த்துக் காட்டிய ஆசார்யர், ஓர் ஏரிக்கரையில் ஸம்ஸ்காரம் பெற்றார். மழை மிகுந்தால் கரை உடையும், பயிர் அழுகும் என்பதையும் அறிந்த மக்களின் நாடு இது. அந்த மூதாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தில் இந்தப் பயமும் இருந்தது, நன்றியும் இருந்தது. நாம் சொன்ன உபநிஷத் வாக்கியத்தில் இரண்டும் இல்லை.

ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபத்தில் இந்த அதிகரணம் வந்த வாரம், அந்த அன்பருக்கு ஒரு கடிதம் எழுதினோம். திண்ணையில் சொன்னது பாதிதான், மீதி இது என்று மேற்கண்டவற்றையெல்லாம் விவரித்து, க்ஷமிக்கவும் வேண்டிக்கொண்டோம். பதில் வர நாளாயிற்று. வந்தபோது அங்கே இலையுதிர்காலம் தொடங்கியிருந்தது. அவர் எழுதியிருந்தார்: “மேப்பிள் மரங்களெல்லாம் சிவந்துவிட்டன ஸ்வாமி. இரவில் உறைபனி வரும் என்றதால் துளசித்தொட்டியை உள்ளே எடுத்துப் பெருமாள் அறையில் வைத்தோம். தொட்டிக்குள் ஒரு சிவப்பு இலை விழுந்து கிடந்தது. எப்போதும் எடுத்தெறிந்துவிடுவேன். இந்தத் தடவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.”