சாட்சி சொல்வதும் சிவத்தொண்டே



நம் கண்ணெதிரே ஒரு குற்றம் நடந்துவிடுகிறது. பொலிஸார் வந்து விசாரித்தால், "நான் ஒன்றையும் பார்க்கவில்லை ஐயா" என்று சொல்லிவிடுகிறோம். பின்னர் கோயிலுக்கு வந்து கற்பூரம் ஏற்றி, "அம்மா, நீயே கேள்" என்று முறையிடுகிறோம். இது பக்தியா, பயமா? இத்திருவிழாக் காலத்தில் இதனைச் சிறிது சிந்திப்போம்.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. புத்தூரிலே சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலுக்கு முதிய அந்தணர் வடிவில் வந்த சிவபெருமான், சுந்தரர் தமக்கு அடிமை என்று சொல்லி ஓர் ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். எல்லாம் வல்ல இறைவன் அங்கேயே நெற்றிக்கண்ணைத் திறந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்று வழக்குரைத்தார். நெடுநாள் வழக்கம், எழுத்து, அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டு நிறுவும்படி சபையோர் கேட்டனர். கிழிந்தது படியோலைதான், மூல ஓலையை இறைவன் எடுத்துக் காட்டினார். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு அதன் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கிடைத்தது.

இறைவனே ஆதாரத்தோடு சபையில் நின்றார். நாமோ ஆதாரத்தை மறைத்து வைத்துக்கொண்டு இறைவனிடம் நீதி கேட்கிறோம். இது எப்படிப் பொருந்தும்?

இன்றைய நீதிமன்றமும் அவ்வாறே இயங்குகிறது. நீதவான் சம்பவத்தை நேரில் கண்டவர் அல்லர். சாட்சிகளின் வாய்மொழியும் ஆவணங்களும் வைத்திய அறிக்கையுமே அவருக்குக் கண்கள். "நாலு பேர் சொன்னால் நானும் சொல்கிறேன்" என்பார் சிலர். ஆனால், ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை பேர் வேண்டும் என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் கணக்கு வைக்கவில்லை. நம்பத்தகுந்த ஒருவரின் சாட்சியமே போதுமானதாகலாம். அந்த ஒருவர் நாமாகவும் இருக்கலாம்.

நம் டயகம மண் இதனை வேதனையோடு அறிந்திருக்கிறது. கொழும்பிலே வீட்டு வேலைக்குச் சென்ற நமதூர்ச் சிறுமி தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 2021 யூலை 15ஆம் திகதி உயிரிழந்தாள். வயது 16. இங்கு அடக்கம் செய்யப்பட்ட அவளது உடல், நீதிமன்ற உத்தரவின்படி யூலை 30ஆம் திகதி தோண்டியெடுக்கப்பட்டு, பேராதனையில் இரண்டாவது முறை பரிசோதிக்கப்பட்டது. ஆதாரத்தைத் தேடி நீதிமன்றம் நம் மலைவரை வந்து மண்ணையே அகழ்ந்தது. வாய் திறக்க முடியாத அந்தப் பிள்ளையின் உடலே சாட்சியாக வேண்டியிருந்தது. வாயுள்ள நாம் பேசாதிருப்பது நியாயமா?

அன்று மலையகமெங்கும் மக்கள் நீதி கேட்டுக் குரல் கொடுத்தனர். அக்குரல் வேண்டியதே. ஆயினும் பீலிக்கரையிலும் தேநீர்க் கடையிலும் தீர்ப்பு எழுதுவது நீதியாகாது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதி என்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. கண்டதை மறைப்பது ஒரு பாவம். காணாததைக் கண்டதாகச் சொல்வது அதனினும் பெரிய பாவம்.

சாட்சி சொல்ல அஞ்சுவது மனித இயல்பு. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. ஒரு நாள் வழக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது. இவை மெய்யான கஷ்டங்கள். எனினும் சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023இல் புதிய சட்டமும் வந்துள்ளன. நீதிமன்ற மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பு இடமளிக்கிறது. சாட்சி சொல்லப் போகும் ஏழைத் தொழிலாளியை நம் ஊரார் தனியே விடாமல், துணைக்கு இருவர் உடன் செல்வதும் கோயில் திருப்பணியைப் போன்றதே.

சாட்சி கூண்டில் மட்டும் சொல்லப்படுவதன்று. பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய பிள்ளை லயத்தை விட்டு வேலைக்குப் போவது முதலில் பக்கத்து வீட்டாருக்கே தெரியும். அன்றே தாய் தந்தையரிடம் பேசுவதும், வேண்டுமாயின் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பதும் சாட்சியே. காலத்தில் சொன்ன ஒரு சொல், பின்னாளில் ஒரு வழக்கே வராமல் தடுக்கும்.

"சாமி பார்த்துக்கொள்ளும்" என்பது உண்மைதான். சாமி நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறவாதிருப்போம். கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவை எல்லோருக்கும் அம்பாள் அருள்வாளாக.