கேட்கப்பட்டவர் யார்?



நம் காரைக்காலும் புதுச்சேரியும் எந்த நாட்டோடு இருக்க வேண்டும் என்பதற்கு வாக்களித்தவர்கள் 178 பேர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது பிரான்சின் அன்றைய அரசியல் சட்டம். ஆனால் கீழூரில் வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர், மக்கள் தேர்ந்தெடுத்த சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான். அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில், 1949இல், வாக்காளர்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். இங்கும் அப்படிக் கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் முடிவு சரியாக அமைவது வேறு, கேட்கப்படுவது வேறு.

உஹதை நினைத்துப் பாருங்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வோம் என்பதுதான் நபி (ஸல்) அவர்களின் எண்ணம். பத்ரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள் வெளியே போய்ப் போரிட வேண்டும் என்றார்கள். நபியவர்கள் அதை ஏற்றுப் புறப்பட்டார்கள். எழுபது பேர் ஷஹீதானார்கள். இனி மஷ்வரா வேண்டாம் என்று சொல்ல இதைவிட வேறு காரணம் வேண்டுமா? ஆனால் அதன் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் 159ஆம் வசனம், அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு ஆலோசிக்கும்படி நபியவர்களுக்கே கட்டளையிட்டது. அவர்கள் சொன்ன யோசனை பிசகியது என்பதற்காக அவர்களைக் கேட்பது நின்றுவிடவில்லை.

இன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் 15 நாடுகள். நிரந்தர உறுப்பினர் ஐந்தில் ஒன்று கை உயர்த்தி மறுத்தால் மற்ற பதினான்கின் பேச்சும் வீண். அதற்கு ஆலோசனை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1956இல் இந்தியாவும் பிரான்சும் செய்த ஒப்பந்தத்தில், நம் பகுதியின் தனி நிலையை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1979இல் டெல்லி இந்தப் பகுதிகளை அண்டை மாநிலங்களோடு இணைக்கப் பேசியபோது மக்கள் கொந்தளித்துத் தெருவுக்கு வந்தார்கள், திட்டம் நின்றது.

அதே ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்ததும் ஆறு மாத அவகாசம் கிடைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம். தகப்பனார் போட்ட கையெழுத்து, மணமாகாத சிறு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஒரே தெருவில் ஒரு வீடு பிரான்ஸ், அடுத்த வீடு இந்தியா என்று ஆனது இப்படித்தான். அன்று இரவு எத்தனை வீடுகளில் மனைவியிடம் கேட்டிருப்பார்கள்?