குடியை விட்டவர் யார்?

உத்தமபாளையம் திருக்குணகிரிக்குத் தேனி வழியாகச் செல்லும் நம்மவர் பழனிசெட்டிபட்டியைக் கடந்தே செல்வர். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் அச்சணந்தி அடிகளின் பெயரையும் காணும் ஆவலில் இடைவழி ஊரை எவரும் கருதுவதில்லை. ஒருமுறை பொழுது நன்கு புலர்ந்தபின் அங்கே தேநீர் அருந்த இறங்கினோம். முல்லையாற்றுத் தடுப்பணைப் பக்கமிருந்து வியர்வை வழிய நடந்துவந்த பெரியவரைக் காட்டி, "பெரிய குடிகாரர், இப்போது காலையும் மாலையும் நடக்கிறார்" என்றார் கடைக்காரர். குடியை விட்டு ஏழாண்டுகள் ஆயினவாம். பெயர்தான் அவரை விடவில்லை.

இப்பெயர் பொருந்துமா? 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டங்களில், விட்டுப் பல்லாண்டுகள் ஆனவரும் தம்மைக் குடிநோயாளி என்றே அறிமுகம் செய்துகொள்வர். ஒரு மிடறு போதும், பழைய நிலை திரும்பும் என்னும் அச்சம் அதிலுண்டு. அது வீண் அச்சமன்று. உடற்பயிற்சியால் மீண்டோரோ, "நான் ஓட்டக்காரன்" எனப் புதுப்பெயர் சூட்டிக்கொள்கின்றனர்.

திரவியம் நிலைக்கும், பர்யாயம் மாறும் என்பது நாம் சிறுவயதிலேயே கேட்ட பாடம். மனிதர் முற்றிலும் புதியவராகிவிட்டார் எனின், அன்று மனைவி சிந்திய கண்ணீருக்குக் கழுவாய் தேட வேண்டியவர் யார்? முற்றிலும் பழையவரே எனின், விரதம் ஏற்பது எங்ஙனம் கூடும்? குடித்தவரே விட்டவர், ஆயினும் குடிகாரர் அல்லர். இரண்டையும் ஒருசேரச் சொல்ல அநேகாந்தம் அறிந்த நமக்கு நா கூசவேண்டியதில்லை.

இனி, நடை என் செய்கிறது? சீரான பயிற்சி உறக்கத்தையும் மனச்சோர்வையும் சீராக்க உதவும். குடிவேட்கையைச் சற்றுத் தணிக்கவும் கூடும். அதுவே மருந்தாகிவிடாது. சகாராப் பாலைவனத்தை 2006-07இல் ஓடிக் கடந்த அமெரிக்கர் சார்லி எங்கிள், போதையில் உழன்ற காலத்திலேயே மாரத்தான் ஓடியவர். ஓட்டம் அவரை அன்று தடுக்கவில்லை. 1992இல்தான் போதையை விட்டார். மிகுதியாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம்; உயிருக்கே ஊறாகலாம். ஆதலின் மருத்துவர் முன்னே, நடை பின்னே. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையம் நிறுவியதும் இதனை நோயென்று உணர்ந்தே.

நம் மொழியில் சொன்னால், நடை ஒருவகைச் செறிப்பு. கடைக்குக் கால் செல்லும் அந்திப் பொழுதை அது அடைத்து நிற்கிறது. பழவினை உதிர்வது வேறு கதை. அன்றியும், "நான் நடப்பவன்" என்பதும் ஒரு பற்றுத்தான். அதில் மானம் புகுவது எளிது. கால் ஓய்ந்துவிட்டால் அந்த ‘நான்’ என்னாகும்?

இதனை அப்பெரியவரிடமே கேட்டோம். முந்திய ஆண்டு முழங்கால் வீங்கி மூன்று மாதம் நடக்க இயலவில்லையாம். "என் செய்தீர்கள், ஐயா?"

"பேரன் சைக்கிளில் கொண்டுபோய் அணைக்கட்டில் விடுவான். நடக்கிற நேரம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்" என்றார்.