தட்டேக்காட்டுக்குப் போகுமுன்

பயணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். காலை ஆறு மணிக்கே பைனாகுலரோடு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு தையல்சிட்டு. நான் கண்ணில் வைப்பதற்குள் இலைக்குப் பின்னால் போய்விடுகிறது. தப்பு எங்கே என்று மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. குருவியைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடுகிறேன். பார்வை குருவிமேலேயே இருக்க, கை மட்டும் மேலே வரவேண்டும். இன்று வந்தது. சிட்டின் தலையில் துருநிறத்தில் ஒரு தொப்பி. வருஷக்கணக்காய்க் கத்திக்கொண்டிருக்கும் குருவி இது. தொப்பி இருப்பது இன்றுதான் தெரியும்.

பைனாகுலர் 8-க்கு 42. அதாவது எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும். முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். கடைக்காரர் பத்து மடங்கைத்தான் எடுத்து நீட்டினார். என் கைநடுக்கமும் பத்து மடங்காகும் என்றேன். சிரித்தபடி மாற்றித் தந்தார்.

*

எங்கே போவது என்பதில் குழப்பமில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பக்கத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த பறவையியலாளர் சாலிம் அலிக்குப் பிடித்துப்போன காடு. 1983-இல் சரணாலயமானது, இன்று அவர் பெயரில் இருக்கிறது. அறிவித்தபோது சுமார் 25 சதுர கிலோமீட்டர்தான். தீக்காக்கை அங்கே உண்டு. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவியும் வந்துவிடும்.

யாரோடு போவது என்பதுதான் பாடு. சில வருஷம் முன்பு வேறொரு மலையில், வழிகாட்டி ஒருவர் செல்போனில் பதிவுசெய்த ஒரு குருவியின் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி, அந்தக் குருவி கிளைக்குக் கிளை தாவிப் பதறியது. நாங்கள் படமெடுத்துக்கொண்டிருந்தோம். நானும்தான். படம் தெளிவாகவே வந்திருக்கிறது. திறந்து பார்ப்பதில்லை.

அதனால் இந்தமுறை நாலு வழிகாட்டிகளுக்குப் போன் போட்டு, எத்தனை வகை காட்டுவீர்கள் என்று கேட்காமல், குரல் போடுவீர்களா என்று மட்டும் கேட்டேன். மூன்று பேர் உற்சாகமாக ஆமென்றார்கள். ஒருவர் புது ஸ்பீக்கர் வாங்கியிருப்பதாகவும் சொன்னார். நாலாமவர் மலையாளம் கலந்த தமிழில், "போடறதில்ல சார். தவளைவாயன் எந்த மரத்துல இருக்குன்னு தெரியும். அதுக்கு எதுக்குக் குரல்?" என்றார்.

*

தவளைவாயன் இரவில் பூச்சி பிடிக்கும் பறவை. பகலில் இணையாக ஒரு கிளையில் ஒட்டி உட்கார்ந்து தூங்கும். பெரும்பாலும் தினமும் அதே இடத்தில். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு. இரண்டும் சேர்ந்தால் சருகுக் கொத்து. ஆள் நெருங்கினால் பறக்காது. அலகை மேலே நிமிர்த்தி முறிந்த குச்சியாகிவிடும். நாம் அதைச் சாந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பயம். ஒரே ஒரு முட்டை இடும். பகலில் அதன்மேல் உட்கார்வது ஆண்பறவை.

அவர் நிபந்தனைகளும் சொல்லிவிட்டார். ஃபிளாஷ் கூடாது, பத்தடி தள்ளி நிற்கணும், மூணு நிமிஷத்துல திரும்பிடணும். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஓடை ஓரத்தில் அட்டை ஏறும், முழங்கால்வரை துணியுறை கொண்டு வாங்க. பத்துப் பேராக வந்தால் கூட்டிப்போவதில்லை. நாலு பேர் போதும்.

நேற்று முன்பணம் அனுப்பினேன். நீங்களும் போவதாக இருந்தால், பணம் அனுப்புமுன் குரல் போடுவார்களா என்று ஒருதரம் கேட்டுவிடுங்கள்.