ஏரும் பந்தயக் குதிரையும்

ஓர் அமைச்சகத்தின் வாயிலில் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். வாயிற்பலகையிலே வேளாண்மை, வனம், மீன்வளம் என்று மூன்று சொற்கள். மூன்றும் முத்தான சொற்கள்! உழுபவன், மரம் வளர்ப்பவன், வலை வீசுபவன் ஆகிய மூவரும் தம் வியர்வையால் நாட்டுக்கு வாழ்வு தருவோர். மூவருக்கும் அரசு துணை நிற்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் மகிழ்ச்சி பிறக்காது? மகிழ்ந்து உள்ளே நுழைகிறோம். முதல் அறையிலே விதையைப் பற்றிய பேச்சு. இரண்டாம் அறையிலே நாற்றைப் பற்றிய பேச்சு. மூன்றாம் அறையிலே படகைப் பற்றிய பேச்சு. நான்காம் அறையிலே? குளம்பொலி கேட்கிறது! பந்தயக் குதிரை அங்கே பவனி வருகிறது!

கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். ஜப்பான் நாட்டிலே, வேளாண்மை, வனம், மீன்வளம் மூன்றையும் கவனிக்கும் அமைச்சகமே குதிரைப் பந்தயத்தையும் மேற்பார்வை செய்கிறது. 1948-இல் அங்கே குதிரைப் பந்தயச் சட்டம் பிறந்தது. 1954-இல் அரசின் முழு முதலீட்டில் ஜப்பான் பந்தயக் கழகம் அமைந்தது. நூறு யென் கொடுத்து ஒருவன் பந்தயச் சீட்டு வாங்கினால், ஏறத்தாழ எழுபத்தைந்து யென் வென்றவர்களுக்குப் பகிரப்படுகிறது; பத்து யென் அரசின் கருவூலத்துக்குப் போகிறது; எஞ்சியது பந்தயம் நடத்தும் செலவுக்கு. கருவூலத்தில் சேரும் அந்தப் பணத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கால்நடை வளர்ச்சிக்கும், கால் பங்கைச் சமூக நலப் பணிக்கும் செலவிட வேண்டும் என்று சட்டமே விதிக்கிறது. ஆண்டொன்றுக்கு மூன்று லட்சம் கோடி யென்னுக்கு மேல் சீட்டு விற்கிறது என்றால், அந்தப் பத்து யென் எத்தனை பெரிய ஆறாகப் பாயும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்!

அயர்லாந்திலே ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது. 2001-இல் அந்நாடு சட்டமியற்றி, குதிரைப் பந்தயத்துக்கும் நாய்ப் பந்தயத்துக்கும் ஒரு நிதியம் ஏற்படுத்தியது. வேளாண்மை அமைச்சகத்தின் வழியாகவே அப்பணம் வழங்கப்படுகிறது. 2024-ஆம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 9.5 கோடி யூரோ, அதில் 7.6 கோடி குதிரைக்கு, 1.9 கோடி நாய்க்கு. பந்தயத்தில் வெல்லும் குதிரையின் உடைமையாளருக்கு வழங்கும் பரிசுப் பணத்திலும் இந்தப் பொதுப்பணம் கலந்திருக்கிறது.

ஒரு நாட்டிலே சூது, மாட்டுத் தொழுவத்துக்குப் படியளக்கிறது. மற்றொரு நாட்டிலே உழவர்க்கான அமைச்சகம், பந்தயத் திடலுக்குப் படியளக்கிறது. இரண்டில் எது அறம்? இரண்டுமே அறமா? அன்றி, இரண்டுமே அறம் அல்லவா?

எதிர்த்தரப்பார் வாதத்தை முதலில் கேட்டுவிடுவோம். வாதத்தைக் கேளாமல் தீர்ப்பளிப்பது பகுத்தறிவாளருக்கு அழகன்று.

"உழவு மட்டும் என்ன? அதுவும் ஒரு சூதாட்டம்தானே! மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் இழப்பு. மீனவன் கடலுக்குப் போவதும் பந்தயம் கட்டுவதுதானே! நம்பிக்கையை முதலாக வைத்து ஆடும் ஆட்டம்தானே எல்லாத் தொழிலும்?" என்பார்கள். "குதிரை வளர்ப்பும் ஒரு வேளாண்தொழில். புல் வளர்ப்பவர், லாயம் காப்பவர், லாடம் அடிப்பவர், மருத்துவம் பார்ப்பவர் என எத்தனை குடும்பங்கள்! அயர்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பு இதைச் சார்ந்தது" என்பார்கள். "யாரையும் கையைப் பிடித்து இழுத்தா சீட்டு வாங்கச் சொல்கிறோம்? உப்புக்கும் துணிக்கும் வரி போடுவதைவிட, விரும்பி வந்து கொடுப்பவனிடம் வாங்குவது மேலல்லவா?" என்பார்கள்.

மூன்றும் வலுவுள்ள வாதங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உழவன் துணிந்து இறங்குகிறான், உண்மை. சூதாடியும் துணிந்து இறங்குகிறான், அதுவும் உண்மை. ஆனால் உழவன் வென்றால் யார் தோற்கிறார்கள்? ஒருவரும் தோற்பதில்லை! அவன் களத்திலே குவியும் நெல், முன்னே இல்லாத நெல். அது பிறர் பசியையும் ஆற்றுகிறது. மீனவன் வலை நிறைந்தால் கரையிலே நிற்கும் கூடைக்காரியின் அடுப்பும் எரிகிறது. சூதிலோ, வென்றவன் கையில் இருக்கும் ஒவ்வொரு காசும் தோற்றவன் பையிலிருந்து போனது. பந்தயச் சீட்டால் புதிதாக ஒரு நெல்மணி விளைந்ததுண்டா? இருந்த பணம் இடம் மாறியது, அவ்வளவே. மாறும்போது நடத்துபவருக்கு ஒரு பங்கு, கருவூலத்துக்கு ஒரு பங்கு கழிந்தது. உழவன் இயற்கையோடு ஆடுகிறான். சூதாடி அண்டை வீட்டானோடு ஆடுகிறான். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

வள்ளுவர் இதை அறிந்திருந்தார். உழவுக்கு 104-ஆம் அதிகாரம் வகுத்தவர், சூதுக்கு 94-ஆம் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் எங்கே வைத்தார்? அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில்! சூது தனி மனிதனின் ஒழுக்கத்தை மட்டும் பற்றிய செய்தி என்று கருதியிருந்தால் அறத்துப்பாலோடு நிறுத்தியிருப்பார். நாட்டின் பொருளும் ஆட்சியும் பேசப்படும் இடத்தில் அதை வைத்தார். உழவு எவ்வாறு அரசின் கவலையோ, அவ்வாறே சூதும் அரசின் கவலை என்பது அதன் பொருள். இதிகாசம் பாடியவர்களோ தருமன் என்று பெயர் சூட்டிய ஒருவனைச் சூதாட வைத்தார்கள். நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், மனைவியையும் வைத்தான். அதன் பிறகும் அவன் பெயர் தருமன்தான்! பெயர்ப்பலகையில் நல்ல சொல் இருந்தால் உள்ளே நடப்பதும் நல்லதாகிவிடும் என்ற மயக்கம் அன்றே தொடங்கியிருக்கிறது.

அடுத்து, பிழைப்பு பற்றிய வாதம். இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. வைகறையில் எழுந்து குதிரையைத் தேய்த்துவிடும் லாயத் தொழிலாளி சூதாடி அல்லன், அவன் உழைப்பாளி. குதிரையும் குற்றமற்ற உயிர்; அதற்குச் சீட்டும் தெரியாது, சில்லறையும் தெரியாது! ஆனால் தொழிலாளிக்கு உதவுவது ஒன்று. அவனைக் காட்டி உடைமையாளனின் பரிசுப்பணத்தைப் பெருக்குவது வேறொன்று. உழைப்பவனைக் காக்க வேண்டுமானால் அவன் கூலியைக் காப்போம், வீட்டைக் காப்போம், பிள்ளையின் படிப்பைக் காப்போம். மடியிலே பொன் வைத்திருப்பவன் குதிரைக்குக் கொள்ளு வாங்கிக்கொள்ள மாட்டானா?

இந்தப் பிழைப்பு வாதத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1923-இல் ஜப்பான் பந்தயச் சீட்டுக்குச் சட்ட வழி திறந்தபோது சொன்ன காரணம், படைக்கு நல்ல குதிரை வேண்டும் என்பது. போர் ஓய்ந்தது, குதிரைப்படை மறைந்தது. பந்தயம் மறைந்ததா? இல்லை! படைக்காக ஓடிய குதிரை, பின்னர்ப் பால்மாட்டுக்காக ஓடுகிறது என்றார்கள். காரணம் மாறுகிறது, சீட்டு மட்டும் மாறவில்லை. எந்தக் காரணமும் பொருந்துகிற செயலை ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை.

மூன்றாவது வாதம், விரும்பிக் கொடுப்பவனிடம் வாங்குகிறோம் என்பது. இங்கேதான் அறத்தின் முள் ஆழத் தைக்கிறது. வரி வாங்கும் அரசு, குடிமகன் செழித்தால் தானும் செழிக்கும். அவன் விளைச்சல் பெருகினால் வரியும் பெருகும். சூதிலே பங்கு வாங்கும் அரசோ, குடிமகன் மேலும் மேலும் பணம் கட்டினால்தான் செழிக்கும். நூறு யென்னைக் கட்டி எழுபத்தைந்தைத் திரும்பப் பெறும் கூட்டம் நாள்தோறும் திடலுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் கருவூலம் வாடும். 1997-இல் நான்கு லட்சம் கோடி யென்னைத் தொட்ட சீட்டு விற்பனை, 2011-இல் 2.3 லட்சம் கோடிக்குச் சரிந்தது. மக்கள் குறைவாகச் சூதாடினார்கள் என்பது ஒரு நாட்டுக்கு நற்செய்தியாக அல்லவா இருக்க வேண்டும்? கருவூலக் கணக்கிலோ அது இழப்பு! குடிமக்களின் நல்லொழுக்கத்தை நட்டக்கணக்கில் எழுதும் நிலைக்கு ஓர் அரசு தன்னை ஆளாக்கிக்கொள்ளலாமா?

அதே ஜப்பான், 2018-இல் சூதாட்ட அடிமைத்தனத்தைத் தடுக்க ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. அயர்லாந்தில் 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, வயது வந்தோரில் முப்பதில் ஒருவர் சூதால் சிக்கலுறுகிறார் என்று கூறியது. அடுத்த ஆண்டே அங்கும் சூதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஒரு கையால் சீட்டை நீட்டுவது, மறு கையால் மருந்தை நீட்டுவது! மருந்து நீட்டும் கையை வாழ்த்துகிறோம். மற்றொரு கையை என்ன செய்வது?

அயலார் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தால் போதாது. நம் முற்றத்துக்கும் வருவோம். 1974-இல், கலைஞர் தலைமையிலான தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் விடை அது, அதை மதிக்கிறோம். ஆனால் கூலி முழுவதையும் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புபவனிடம், "நீ தோற்றது திறமையில்" என்று சொன்னால் அவன் அடுப்பு எரியுமா? சட்டம் கேட்ட கேள்வி ஒன்று. அறம் கேட்கும் கேள்வி வேறொன்று.

கிண்டியிலே 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம், வெள்ளையர் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 614 ரூபாய் வாடகைக்குப் பந்தயத் திடலுக்குக் குத்தகையாக விடப்பட்டது. 99 ஆண்டுக்கு! கொடுப்பதெல்லாம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலிவாக விட்ட மண்ணும் மானியந்தான். மாநகரிலே குடிசைக்காரன் ஒரு குழி நிலத்துக்கு ஏங்கிய காலமெல்லாம் குதிரைக்கு இந்த மானியம் கிடைத்து வந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. வெள்ளநீர் தேங்கக் குளங்களும், மக்கள் உலவப் பூங்காவும் அமைக்கத் திட்டமிட்டது. கழகத்தார் வழக்காடச் சென்றனர்.

இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள முடியுமா? முழுவதும் முடியாது. குதிரையை ஒழிக்க முனைந்த இதே தமிழகத்தில், 1968-இல் அறிஞர் அண்ணாவின் அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. பரிசு விழாவிட்டாலும் பணம் நாட்டுக்குத்தானே என்ற ஆறுதல் அன்று சொல்லப்பட்டது. நல்லெண்ணம் கொண்டவர்கள் சொன்னதுதான். ஆயினும் ஜப்பானியர் சொல்வதும் அதே ஆறுதல்தானே! 2003 சனவரியில் பரிசுச் சீட்டு தடை செய்யப்பட்டது. அதே 2003-இன் இறுதியில் மதுச் சில்லறை விற்பனையை அரசே ஏற்றது. சீட்டுக் கடையை மூடிய ஆண்டிலேயே சாராயக் கடைக்கு அரசு உரிமையாளர் ஆயிற்று! நம்மவர் செய்தால் நன்மை, அயலார் செய்தால் தீமை என்று எழுத இந்தப் பேனாவுக்கு உரிமை இல்லை.

அப்படியானால் அரசின் துணை யாருக்கு உரியது? மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. ஏன்? அவன் வலையை மடித்து வைப்பதால் நாளைய கடல் வாழ்கிறது. காடு வளர்ப்பவன் நடும் மரத்தின் நிழலில் அவன் பேரன் அமர்வான். அந்தப் பேரனின் சார்பில் இன்று கூலி கொடுக்க அரசைத் தவிர வேறு யார் உளர்? உழவன் விளைச்சல் மிகுந்தால் விலை வீழ்கிறது, குறைந்தால் வயிறு வாடுகிறது. ஊருக்குச் சோறிட்டவன் இரு வழியும் இழப்பது நீதியன்று என்பதால் அரசு கை கொடுக்கிறது. இங்கெல்லாம் இடர் ஒருவனுக்கு, பயன் எல்லார்க்கும். பந்தயத்திலோ இடர் பலருக்கு, பயன் சிலர்க்கு. துணை நிற்பதற்கும் துணை போவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

குதிரை ஓடட்டும், அழகிய விலங்கு, ஓட்டம் அதன் இயல்பு. காண விரும்புவோர் தம் செலவில் கண்டு களிக்கட்டும். ஆனால் ஏர் பூட்டிய மாட்டுக்குரிய புல்லை அதற்குப் போட வேண்டாம். தோற்றவன் வீட்டுக் கண்ணீரைப் பாய்ச்சி நம் வயலை விளைவிக்கவும் வேண்டாம். உழவனுக்குக் கொடுக்கப் பணம் போதவில்லையா? உள்ளவனிடம் வெளிப்படையாக வரி கேட்போம். ஏன் கேட்கிறோம் என்பதை மக்கள் மன்றத்தில் விளக்குவோம். அது கடினமான வழி. வாக்குக் குறையலாம், வசை வரலாம். ஆயினும் அந்த வழியில் வரும் பணத்தில்தான், குடிமகன் தோற்க வேண்டும் என்ற மறைவான வேண்டுதல் கலந்திராது.