சொல்லாமல் விட்டது பொய்யாகுமா?



வியாபாரத்தில் பொய் கூடாது என்பதை நம்மில் மறுப்பவர் எவருமில்லை. அளவில் குறைக்காதே, பொய்ச் சத்தியம் செய்து சரக்கைத் தள்ளாதே என்று கடைப்படி ஏறிய முதல் நாளிலேயே நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் ஒரு வார்த்தைகூடப் பொய் பேசாமல், வாயை மூடிக்கொண்டிருந்தே ஒருவரை ஏமாற்ற முடியுமா? அப்படி ஏமாற்றினால் அது பொய்யின் கணக்கில் சேருமா, சாமர்த்தியத்தின் கணக்கில் சேருமா? இக்கேள்வியை நான் கிதாபுகளில் தேடிப் போகவில்லை. ஒரு நாள் அதுவே என் கடைக்கு நடந்து வந்தது.

ஜொகூர் பாருவில் பல வருஷங்களாகப் பெண்களுக்கான உடுப்பும் சப்பாத்தும் விற்று வருகிறேன். 2020-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை எண்ணி முன்கூட்டியே நிறையச் சரக்கு வாங்கி அடுக்கினேன். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கடை பூட்டப்பட்டது. பாலத்துக்கு அப்பாலிருந்து வரும் சிங்கப்பூர் வாடிக்கைக்காரர்களும் நின்று போனார்கள். எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதுவரை அச்சரக்கின் பெரும்பகுதி ஸ்டோரிலேயே கிடந்தது. நம்மில் பலருக்கும் இதே கதைதான். ஆகவே அந்நாளின் கஷ்டத்தை விவரிக்க வேண்டியதில்லை.

கடை பழையபடி நடக்கத் தொடங்கியபின் ஒரு நாள், ஸ்டோரிலிருந்து எடுத்த ஒரு ஜோடிச் சப்பாத்தின் அடி என் கையிலேயே பிஸ்கோத்து போல உதிர்ந்தது. அதை ஓரமாகப் போட்டுவிட்டு, மற்றவற்றைத் துடைத்து, விலையைப் பாதியாக்கி வாசலில் வைக்கும்படி கடைப் பையனிடம் சொன்னேன். பார்ப்பதற்கு அவை புத்தம் புதியவை. விரைவிலேயே விற்றுப் போயின.

சில நாள் கழித்துக் கூலாயிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒரு ஜோடிச் சப்பாத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அடி முழுவதும் தூளாகிக் கிடந்தது. மகள் முதன்முதலாக வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, அந்தக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே அது உதிர்ந்துவிட்டதாம். பிள்ளை வெறுங்காலோடு உள்ளே போயிற்றாம்.

நான் வாய் திறக்கு முன்பே அவர் சொன்னார்: “பாய், காசு வேண்டாம். இது இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று ரசீதில் போட்டிருக்கிறதே, அம்மா” என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எனக்காக நானே வக்கீலாக நின்று வாதாடினேன். நான் என்ன பொய் சொன்னேன்? இத்தனை வருஷம் உழைக்கும் என்று வாக்குக் கொடுத்தேனா? அந்த அம்மாள் எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மகளுக்குப் போட்டுப் பார்த்தார், விலை மலிவென்று மனம் பொருந்தி வாங்கினார். இரு தரப்பும் பொருந்திச் செய்வதுதானே வியாபாரம்? இதில் குற்றம் எங்கே?

வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ‘பொருந்தி’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்குகிறது. எதற்கு அவர் பொருந்தினார்? புதிய சப்பாத்துக்குப் பொருந்தினார். நான் கொடுத்ததோ ஆயுள் முடிந்த சப்பாத்து. பல சப்பாத்துகளின் அடி பாலியூரத்தேன் என்னும் ரசாயனப் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், காற்றோட்டமில்லாத பெட்டியில், யாரும் காலில் போடாமலே சில வருஷங்களில் அது உதிரும் நிலைக்கு வந்துவிடும். வெளியே பளபளப்பு மட்டும் குறையாது. இது சப்பாத்து வியாபாரிக்குத் தெரியும். வாங்க வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

கண்ணுக்குத் தெரியும் குறையும் தெரியாத குறையும் ஒன்றல்ல. பொத்தான் இல்லாத ரவிக்கையை வெளிச்சத்தில் காட்டி விற்றால், பார்த்து வாங்கும் பொறுப்பில் பாதி வாங்குகிறவருடையது. பாலியெஸ்டர் புடவையைப் பட்டு என்று எண்ணி ஒருவர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இழையை எரித்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். பட்டு மயிர் கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். ஆனால் எந்த வாடிக்கைக்காரர் நம் கடையில் நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கப் போகிறார்? அவர் நம் முகத்தைத்தான் பார்க்கிறார். நாம் பேசாமலிருந்தால், அம்மௌனமே “பட்டுதான்” என்று அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நாயகம் அவர்கள் கேட்டார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வியாபாரி “என் தானியம் காய்ந்தது” என்று வாயால் சொன்னதாக வரலாற்றில் இல்லை. மழை பெய்ததும் அவர் குற்றமன்று. காய்ந்ததை மேலே விட்டு, நனைந்ததைக் கீழே வைத்த கைதான் குற்றம் செய்தது. வாசலில் துடைத்து அடுக்கச் சொன்ன என் கையும் அதே வேலையைத்தான் செய்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. என் கொள்முதல் விலை இன்னதென்றோ, அடுத்த கடையில் இரண்டு வெள்ளி குறைவென்றோ நான் அறிவிக்க வேண்டியதில்லை. அவற்றை விசாரித்து அறிய வாடிக்கைக்காரருக்கு வழியுண்டு. “இந்த நிறம் எனக்கு எடுக்குமா?” என்று ஒரு பெண் கேட்டால் உண்மையான அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். கேளாதபோது அது அவர் இஷ்டம். நான் எனக்கென்று வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: எனக்குத் தெரிந்து, பார்த்துக் கண்டுபிடிக்க அவருக்கு வழியில்லாமல், தெரிந்தால் பொருளைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார் என்றால், அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று.

நாட்டுச் சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தை நாம் வாய் திறந்து கொடுக்காவிட்டாலும் கொடுத்ததாகவே கொள்கிறது. ரசீதில் ஒரு வரி அச்சடித்து அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலே, 50,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: குறையை விற்குமுன் குறிப்பிட்டுக் காட்டியிருந்தால், அக்குறையை மட்டும் வைத்து நம்மேல் குற்றம் சுமத்த இயலாது. மறைந்த குறையைக் கண்டவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்பது நம் ஃபிக்ஹு நூல்களிலும் உள்ள உரிமைதான். நம் மத்ஹபு ஷாஃபியாயினும் ஹனஃபியாயினும் இதில் மாற்றமில்லை.

எல்லாம் சொல்லி விற்றால் வாடகை யார் கட்டுவது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நட்டமே வராது என்று நான் சொல்லமாட்டேன். மிச்சமிருந்த ஜோடிகளை நான் குப்பையில்தான் போட்டேன். அந்தப் பணம் திரும்பவில்லை. ஆனால் அந்த நட்டம் மழையைப் போல என்மேல் வந்தது. அதை ஓர் ஏழைத் தாயின் தலையில் இறக்கி வைக்க எனக்கு என்ன உரிமை?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத்துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லி விற்குமாறு கூட்டாளி ஹஃப்ஸிடம் அனுப்பினார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் தர்மம் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். மறதியால் நேர்ந்ததற்கே அவ்வளவு! என்னுடையதோ மறதியன்று.

அந்தச் சப்பாத்துகள் விற்ற பணத்தைத் தர்மம் செய்துவிட்டேன். ரசீதில் இருந்த வரியையும் எடுத்துவிட்டேன். ஆயினும் கணக்குத் தீரவில்லை. அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியார் மன்னிக்க வேண்டுமன்றோ? அந்த அம்மாளின் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. கூலாய்ப் பக்கமிருந்து யார் வந்தாலும் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். வந்தால், “தெரியும் அம்மா” என்று அன்று சொல்லாத பதிலைச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சகோதரர்களே! அடுத்த பெருநாள் வியாபாரத்துக்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, உங்கள் ஸ்டோரில் பழைய பெட்டிகளைத் திறந்து, சப்பாத்தின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் அது உங்கள் கையிலேயே உதிரட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் ஹலாலாக்கி வைப்பானாக. ஆமீன்.