யார் செய்த பாவம்?

ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரு நாள் ஒரு பாட்டி, பேரனின் இடுப்புத் துணிகளை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். சத்திரப்பட்டித் தறியில் நெய்த மெல்லிய பேண்டேஜ் துணி. குழந்தை நனைத்தபோது சாதாரணமாகத்தான் இருந்ததாம். கிடக்கக் கிடக்கப் பழுப்பாகி, துவைக்க சோப்பு போட்டதும் இன்னும் கறுத்துவிட்டதாம். "எந்தப் பெறப்புல யாரு செஞ்ச பாவம்மா இது?" என்று கேட்டார். பக்கத்தில் மருமகள் தலையைக் குனிந்து நின்றாள். பாவம் யாருடையது என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

குழந்தையின் சிறுநீரில் முதலில் ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லை. பிறகு பழைய முறைப்படி பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினேன். அடியில் மஞ்சளாக வண்டல் படிந்தது. மேலே நின்ற நீலம் கறுத்த பழுப்பாக மாறியது. வெறும் சர்க்கரைக்கு அப்படி வராது. மிச்சமிருந்ததில் ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு ஸ்டாண்டில் வைத்தேன். காற்றுப் படும் மேல்மட்டத்திலிருந்து கறுப்பு மெல்லக் கீழே இறங்கியது. குழந்தை மருத்துவரிடம் சொன்னேன். அவர் வெளியூர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார். ஹோமோஜென்டிசிக் அமிலம் மிக அதிகம் என்று முடிவு வந்தது. நோயின் பெயர் அல்காப்டோனூரியா.

பருப்பிலும் பாலிலும் கறியிலும் உள்ள புரதத்தை உடல் படிப்படியாக உடைக்கிறது. அதில் ஒரு படியைச் செய்து முடிக்க வேண்டிய நொதி இந்நோய் உள்ளவர்களுக்கு வேலை செய்வதில்லை. அதனால் அந்த அமிலம் தேங்கிச் சிறுநீரில் இறங்குகிறது. நமக்கெல்லாம் ஒரு நாளில் மில்லிகிராம் கணக்கில் போவது இவர்களுக்குக் கிராம் கணக்கில் போகிறது. காற்றும் காரமும் பட்டால் கறுக்கும். சோப்பில் இருக்கும் காரம் கறையைக் கூட்டியது இதனால்தான். சிறு வயதில் பெரிய தொந்தரவு இருக்காது. முப்பது வயதுக்கு மேல் முதுகும் மூட்டும் தேயும், குருத்தெலும்பு கறுக்கும்.

லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கரோட் 1902-இல் இதைப் பற்றி எழுதியபோது ஒன்றைக் கவனித்தார். நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோரில் பலர் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளாக இருந்தார்கள். மனித நோய் ஒன்று மெண்டலின் மரபு விதிப்படி இறங்கி வருகிறது என்று உலகம் முதலில் அறிந்தது இந்தக் கறுத்த சிறுநீரிலிருந்துதான். தமிழ்நாட்டு நரிக்குறவர் மக்களிடையே இந்நோய் அதிகம் என்றும், பொது முன்னோர் ஒருவரிடமிருந்து வந்த ஒரே மரபணு மாற்றமே காரணம் என்றும் 2014-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதை வைத்து அவர்களை நோக்கி விரல் நீட்ட நமக்கு யோக்கியதை கிடையாது. மாமன் மகளையும் அக்கா மகளையும் உரிமைப் பெண் என்று கட்டும் வழக்கம் நம்மில் பலர் வீட்டிலும் இருக்கிறது.

இனி பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிப்பவள். வினை உண்டு என்று கேட்டே வளர்ந்தேன். ஆனால் வினை என்றால் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அனுபவித்த அளவுக்குக் கழிய வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. தாயிடம் ஒரு பழுதான மரபணு, தகப்பனிடம் ஒன்று. இருவருக்கும் நோய் கிடையாது. ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதே, கடன் தீர்ந்தது என்று இரண்டாவது பிள்ளையை விட்டுவிடாது. அதற்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

அந்த நான்கில் ஒன்றை விழவைப்பதே வினைதான் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டார். அதை மறுக்க என்னிடம் சோதனைக்குழாய் இல்லை. ஆனால் அந்த வாதம் யார் தலையில் போய் விடிகிறது என்று பார்க்கிறேன். மரபணு தாய்க்கும் தகப்பனுக்கும் சரிபாதி. பழியோ முழுக்கத் தாய்க்கு. தெய்வம் எழுதிய தீர்ப்பென்றால் இப்படி ஒருபக்கமாகச் சாயுமா? இது நாம் எழுதிவிட்டு சாமி பெயரில் கையெழுத்துப் போட்ட தீர்ப்பு.

நம் சித்த மருத்துவர்களும் சிறுநீரைச் சோதித்தார்கள். நீர்க்குறியில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்த்தார்கள். நெய்க்குறியில் சிறுநீரில் விட்ட நல்லெண்ணெய்ச் சொட்டு பாம்பாய் நீள்கிறதா, மோதிரமாய் விரிகிறதா, முத்தாய் நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொன்னார்கள். அந்தக் குறிகளில் எதுவும் பாவத்தைச் சொல்வதில்லை.

மடவார்விளாகம் வைத்தியநாதர் கோயிலின் தலபுராணம் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நிறைமாத கர்ப்பிணிக்கு வலி எடுக்கிறது, தாய் வந்து சேரவில்லை. சிவன் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். அவள் முற்பிறப்பு என்ன, குலம் என்ன, என்ன குற்றம் செய்தாள் என்று அந்தக் கதையில் சாமி விசாரிப்பதே இல்லை. வலி இருந்தது, வந்தார். என் சமயம் எனக்குச் சொல்வது இதைத்தான். துன்பப்படுகிறவரிடம் காரணம் கேட்டு நிற்பது பக்தி ஆகாது.

பாட்டியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "ஒங்க மருமக ஒண்ணும் செய்யலம்மா. ஒங்க மகன்கிட்ட பாதி, இவகிட்ட பாதி. ரெண்டு பேருக்குமே தெரியாது" என்று மட்டும் சொன்னேன். நோயைக் கட்டுப்படுத்த நிட்டிசினோன் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2020-இல் பெரியவர்களுக்காக அனுமதி கிடைத்திருக்கிறது. வளரும் பிள்ளைக்குப் புரத உணவு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நாமாகப் பாலை நிறுத்தக் கூடாது.

உங்கள் வீட்டுக் குழந்தையின் துணி நேரம் ஆக ஆகக் கறுத்தால், சோப்பு பட்டதும் இன்னும் கறுத்தால், அதை வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். துவைக்காமல் அப்படியே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தத் தாயிடம் யார் செய்த பாவம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.